டாப்னியா இசி50: பாதுகாப்புத் தாளில் வரும் அந்த ஒரு வரியை எப்படிப் படிப்பது?

பூச்சிமருந்து, பெயின்ட், சாயப்பட்டறைக் கெமிக்கல், தரை கழுவும் திரவம் என்று எதை எடுத்தாலும், அதற்கென்று ஒரு பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்கும். 16 பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் 12ஆவது பகுதி சூழலியல் தகவலுக்கானது. அங்கே பெரும்பாலும் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம்: “டாப்னியா மேக்னா, 48 மணி நேரம், இசி50: லிட்டருக்கு 85 மில்லிகிராம்.”

85 என்பது அதிகமா, குறைவா? எண் பெரிதாக இருந்தால் நல்லதா, கெட்டதா? ஏரியில் மீன் செத்து மிதந்தது என்று செய்தி வந்தால், இப்படி ஒரு எண்ணைக் காட்டி “ஆபத்தில்லை” என்று ஒரு தரப்பு சொல்லும். அதே எண்ணைக் காட்டி “நஞ்சு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்” என்று இன்னொரு தரப்பு சொல்லும். அந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பார்த்தால் இரண்டு வாதமும் நிற்காது. கேள்வி மிகவும் குறுகலானது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத டாப்னியா என்ற நன்னீர்ச் சிற்றுயிரியை, சுத்தமான தண்ணீரில், இரண்டு நாள் மட்டும், இந்த ஒரு ரசாயனத்தோடு விட்டால், எந்த அளவில் பாதிப் பேர் நீந்த முடியாமல் போவார்கள்? அவ்வளவுதான் கேள்வி.

மேலே சொன்ன 85 ஓர் உண்மையான மருந்தின் எண். எது என்பது பின்னால் வரும்.

## டாப்னியா ஏன் பரிசோதனைக் கூடத்துக்குள் வந்தது?

டாப்னியா இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த ஒரு சிற்றுயிர். தண்ணீரில் தெள்ளுப்பூச்சி மாதிரி துள்ளித் துள்ளி நீந்துவதால் தண்ணீர்த் தெள்ளு என்றும் சொல்வார்கள். சோதனைகளில் அதிகம் பயன்படும் டாப்னியா மேக்னா, பெரிதாக வளர்ந்தால் 5 மில்லிமீட்டர் வரும். பிறந்த குட்டி சுமார் ஒரு மில்லிமீட்டர். சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு டாப்னியாவும் அதன் உறவினமான மொய்னாவும் மீன்குஞ்சுகளுக்குப் போடும் உயிர்த்தீனி.

1930களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஏரியியல் அறிஞர் எய்னார் நௌமான் இதை நச்சுச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1940களில் அமெரிக்காவில் பெர்ட்டில் ஆண்டர்சன், தொழிற்சாலைக் கழிவுகளில் இருக்கும் பல பொருள்களை வரிசையாக எடுத்து டாப்னியா மேக்னாவில் சோதித்துப் பார்த்தார். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, அதாவது ஓஇசிடி, 1984இல் இதை வழிகாட்டி எண் 202 என்று வரையறுத்தது. 2004இல் அதைத் திருத்தியது. இன்று உலகம் முழுக்க நடப்பது பெரும்பாலும் அந்த வடிவம்தான்.

டாப்னியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு:

1. உணவுச் சங்கிலியின் நடுவில் இருக்கிறது. பாசியை வடிகட்டித் தின்னும். மீன்குஞ்சுகள் இதைத் தின்னும். இது குறைந்தால் மேலே மீனுக்கு இரை குறையும், கீழே பாசி பெருகும்.

2. ஆண் இல்லாமலே பெருகும். தீனியும் வெப்பமும் சரியாக இருந்தால் தாய் தன்னையே நகலெடுத்தது போன்ற பெண் குட்டிகளைப் பெற்றுக்கொண்டே இருக்கும். ஒரே தாய்வழியில் வந்த குட்டிகள் மரபணுவில் ஒன்றாக இருப்பதால், வேறுபாடு தெரிந்தால் ரசாயனத்தைச் சந்தேகிக்கலாம். உயிரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

3. உடம்பு கண்ணாடி மாதிரி. நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதும் குடலில் பச்சைப் பாசி இருப்பதும் தெரியும்.

4. சட்டச் சிக்கல் இல்லை. பரிசோதனை விலங்குகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் முதுகெலும்பிகளையும், கணவாய் போன்ற தலைக்காலிகளையும் மட்டுமே பாதுகாக்கிறது. டாப்னியா அதற்குள் வராது. இந்த நான்காவது காரணத்தை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். ஆனால் மீனுக்கு முன்னால் டாப்னியாவை நிறுத்துவதில் இதற்கும் பெரிய பங்கு உண்டு.

## அந்த 48 மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

சோதனைக்கு முதல் நாளே வயதுவந்த தாய்களைத் தனியாகப் பிரித்து வைப்பார்கள். இரவில் அவை குட்டி போடும். காலையில் தாய்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவதெல்லாம் 24 மணி நேரத்துக்கும் குறைவான வயதுள்ள குட்டிகள். ஒரு தாயின் முதல் ஈற்றுக் குட்டிகளை எடுக்கக் கூடாது. வளர்ப்புத் தொட்டியில் ஆண்கள் தென்பட்டாலும், தாய்களின் முதுகில் கறுப்பாக உறக்கமுட்டைகள் தெரிந்தாலும், அந்தக் கூட்டம் ஏதோ நெருக்கடியில் இருக்கிறது என்று பொருள். அதிலிருந்தும் எடுக்கக் கூடாது.

அப்புறம் குட்டிகளைக் கண்ணாடிக் குவளைகளுக்கு மாற்ற வேண்டும். பார்க்க எளிது, சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். வாய் அகலமான பிப்பெட்டில் குட்டியை உறிஞ்சி, பிப்பெட்டின் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கொண்டுபோய் மெதுவாக விட வேண்டும். மேலிருந்து சொட்டாக விட்டால் குட்டியின் ஓட்டுக்கு அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். அது மேலே மிதந்து, தண்ணீரின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு, நீந்த முடியாமல் தவிக்கும். ரசாயனம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் கணக்கில் “செயலிழந்தது” என்று விழும்.

விதிகள் சுருக்கமாக:

1. குறைந்தது 5 செறிவுகள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, 2.2 மடங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

2. ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20 குட்டிகள், முடிந்தவரை ஐந்தைந்தாக நான்கு குவளைகளில். ஒரு குட்டிக்குக் குறைந்தது 2 மில்லிலிட்டர் தண்ணீர்.

3. ரசாயனமே சேர்க்காத ஒப்பீட்டுக் குவளைகளும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

4. வெப்பநிலை 18 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள், சோதனை முழுவதும் ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல்.

5. தீனி கிடையாது. காற்றும் ஊதக் கூடாது. தீனியாகப் போடும் பாசியில் ரசாயனம் ஒட்டிக்கொள்ளும். காற்று ஊதினால் சில பொருள்கள் ஆவியாகிவிடும்.

24 மணி நேரத்தில் ஒருமுறை, 48 மணி நேரத்தில் ஒருமுறை எண்ணிக்கை. குவளையை லேசாக அசைத்துவிட்டு 15 விநாடி பார்ப்பார்கள். அதற்குள் நீந்தத் தொடங்காத குட்டி “செயலிழந்தது”. உணர்கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தாலும் சரி, இடம் பெயர்ந்து நீந்தவில்லை என்றால் செயலிழப்புதான். செத்ததா என்று பார்ப்பதில்லை, ஏனென்றால் ஒரு மில்லிமீட்டர் உயிரிக்குச் சாவைத் தீர்மானிப்பது கஷ்டம். ஒருவர் செத்தது என்பதை இன்னொருவர் இல்லை என்பார். நீந்துகிறதா இல்லையா என்பதில் அவ்வளவு சண்டை வராது. குளத்தில் நீந்த முடியாத டாப்னியாவுக்கு எப்படியும் ஆயுள் கெட்டியில்லை.

முடிவை ஏற்க இரண்டு நிபந்தனைகள். ஒப்பீட்டுக் குவளைகளில் செயலிழப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சோதனை முடியும்போது கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இதற்கு மேல், அவ்வப்போது குட்டிகளின் தரத்தையே சோதிக்க, பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பைக் கொடுத்துப் பார்ப்பார்கள். டாப்னியா மேக்னாவுக்கு 24 மணி நேர விடை லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கூடத்தின் வளர்ப்பிலோ வேலையிலோ ஏதோ கோளாறு. (பல ஆண்டுகளாகப் பேசப்படும் ராணிப்பேட்டை குரோமியக் கழிவுப் பிரச்சினையும் இந்த உப்பில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியத்தைப் பற்றியதுதான்.)

## இசி50 எப்படிக் கிடைக்கிறது?

புரிவதற்காக ஒரு கற்பனைப் பொருளை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் என்று ஐந்து செறிவுகள், ஒவ்வொன்றிலும் 20 குட்டிகள். 48 மணி நேரம் கழித்து முறையே 0, 2, 9, 17, 20 குட்டிகள் செயலிழந்தன என்று வைத்துக்கொள்வோம்.

4 மில்லிகிராமில் 45 சதவீதம், 8இல் 85 சதவீதம். ஆக, சரியாகப் பாதி விழும் இடம் நாலைக் கொஞ்சம் தாண்டி இருக்க வேண்டும். செறிவுகள் இரட்டித்துக்கொண்டே போவதால் நேர்க்கோட்டில் கணக்கிடாமல் மடக்கை அளவில் கோடு போடுவார்கள். அப்படிப் போட்டால் சுமார் 4.4 வரும். இதுதான் இந்தப் பொருளின் 48 மணி நேர இசி50, அதாவது பாதி உயிர்களில் விளைவைக் காட்டும் செறிவு. சாவை அளந்தால் அதே எண்ணுக்கு எல்சி50 என்று பெயர். மீன் சோதனையில் வருவது அது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகும். முதலாவது, எண் சிறிதாக இருந்தால் நஞ்சு கடுமை. 0.4 என்பது 4.4ஐவிடப் பத்து மடங்குக்கு மேல் கடுமை. இரண்டாவது, இசி50 பாதுகாப்பு எல்லை கிடையாது. அந்த அளவில் பாதிக் குட்டிகள் ஏற்கெனவே கவிழ்ந்துவிட்டன. மேலே உள்ள கணக்கில் 2 மில்லிகிராமிலேயே பத்தில் ஒன்று போய்விட்டது. “ஆற்றில் இருப்பது இசி50க்குக் கீழேதான்” என்று யாராவது ஆறுதல் சொன்னால், எவ்வளவு கீழே என்று கேட்க வேண்டும்.

## எண்ணிலிருந்து முத்திரைக்கு

இந்த எண்ணை வைத்து அரசுகள் இரண்டு வேலை செய்கின்றன.

ஒன்று, வகைப்படுத்தல். உலகளவில் ஒத்துக்கொண்ட முறைப்படி இறால் வகையறாவின் 48 மணி நேர இசி50, லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் குறுகிய கால நச்சு வகை 1. செத்த மீனும் பட்ட மரமும் போட்ட படம் டப்பாவில் ஏறும். 1க்கு மேல் 10 வரை வகை 2, 10க்கு மேல் 100 வரை வகை 3. இந்த இரண்டு வகைக்கும் படம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியமோ குறுகிய கால நச்சில் வகை 1ஐ மட்டும்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே நம் 4.4 பொருள் வேகமாகச் சிதையக்கூடியது, உடம்பில் சேராதது என்றால், ஐரோப்பாவில் அந்தப் படம் இல்லாமலே விற்கப்படலாம். படம் இல்லாத டப்பா தண்ணீருக்குத் தீங்கில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று, பாதுகாப்பான செறிவைக் கணித்தல். பாசிக்கு 72 மணி நேரம், டாப்னியாவுக்கு 48, மீனுக்கு 96 என்று மூன்று குறுகிய காலச் சோதனைகள் கையில் இருந்தால், அவற்றில் மிகச் சிறிய எண்ணை எடுத்து 1,000ஆல் வகுப்பார்கள். 4.4தான் மிகச் சிறியது என்றால் விடை லிட்டருக்கு 4.4 மைக்ரோகிராம். நீண்ட காலச் சோதனைகள் சேரச் சேர வகுக்கும் எண் 100, 50, 10 என்று குறையும். அந்த ஆயிரம் ஏதோ இயற்கை விதியிலிருந்து வந்ததில்லை. சோதிக்காத இனங்கள், சோதிக்காத காலம், கூடத்துக்கும் குளத்துக்கும் உள்ள வேறுபாடு எல்லாவற்றையும் சேர்த்து “இவ்வளவு இடைவெளி விட்டால் போதும்” என்று வைத்துக்கொண்ட ஏற்பாடு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ரீச் சட்டப்படி, ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் பொருளுக்கு டாப்னியா தரவு கேட்கப்படும். 10 டன்னிலிருந்து மீன் தரவு, 100 டன்னிலிருந்து டாப்னியாவிலேயே நீண்ட காலச் சோதனை. இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சாயப்பொருளும் ரசாயனமும் ஏற்றுமதி செய்பவர்களுக்கு இந்தச் சோதனையின் பெயர் பழக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நல்ல ஆய்வக நடைமுறையில் இந்தியா 2011இல் ஓஇசிடியின் தரவுப் பரஸ்பர ஏற்பு ஏற்பாட்டில் முழு உறுப்பினரானது. அதற்குப் பிறகு, அந்தச் சான்று பெற்ற இந்தியக் கூடத்தில் செய்த சோதனையை அங்கே மறுபடி செய்யச் சொல்வதில்லை.

## குவளைக்குள் உண்மையில் எவ்வளவு இருந்தது?

உப்பு மாதிரி கரையும் பொருளென்றால் சோதனை எளிது. பல பொருள்கள் அப்படி இல்லை. எண்ணெய்த்தன்மை கொண்டவை கண்ணாடியில் ஒட்டும், சில ஆவியாகும், சில வெளிச்சத்தில் சிதையும். குவளையில் 10 மில்லிகிராம் போட்டோம் என்று எழுதியிருப்பார்கள். இரண்டாவது நாள் தண்ணீரில் மிஞ்சியது 2 மில்லிகிராமாக இருந்தால், டாப்னியா சந்தித்தது எதை?

அதனால்தான் தொடக்கத்திலும் முடிவிலும் குவளைத் தண்ணீரைப் பகுப்பாய்வு செய்யச் சொல்கிறார்கள். போட்ட அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் நிலைத்திருந்தால் போட்ட அளவையே வைத்துக் கணக்கிடலாம். விலகினால் அளந்த அளவை வைத்துத்தான் இசி50 சொல்ல வேண்டும். பழைய அறிக்கைகளில் “பெயரளவுச் செறிவு” என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிப்பது நல்லது. உண்மையான நச்சு அதில் தெரிவதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.

உலோகங்களில் வேறொரு சிக்கல். டாப்னியா வளர்க்கப் பரவலாகப் பயன்படும் எம்4 என்ற செயற்கை நீரில் ஈடிடிஏ இருக்கிறது. அது செம்பு, துத்தநாகம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட அயனி டாப்னியாவுக்குள் எளிதில் போகாது; நஞ்சு குறைந்தது போலத் தோன்றும். உலோகத்தைச் சோதிக்க ஈடிடிஏ இல்லாத நீர் வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மையும் அப்படித்தான். பொதுவாக மென்னீரில் செம்பின் கடுமை அதிகம், கடின நீரில் குறைவு.

மிகக் குறைவாகக் கரையும் பொருளுக்கு 48 மணி நேரச் சோதனையே பொருந்தாமல் போகலாம். அவ்வளவு நேரத்தில் அது உயிரியின் உடம்புக்குள் போய்ச் சேர்ந்து சமநிலைக்கு வந்திருக்காது. “கரையும் எல்லை வரை விளைவு இல்லை” என்ற விடை அங்கே பெரிதாக எதையும் சொல்லவில்லை. ரீச் சட்டமும் இத்தகைய பொருள்களுக்கு நீண்ட காலச் சோதனையைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

## 85இன் கதை

தொடக்கத்தில் பார்த்த 85 மில்லிகிராம், இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியின் எண். 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த, நிகோடினைப் போலவே நரம்பைத் தாக்கும் நியோநிகோடினாய்டு வகையைச் சேர்ந்த இந்த மருந்து, பிறகு உலகிலேயே அதிகம் விற்ற பூச்சிக்கொல்லிகளில் ஒன்றானது. நம் ஊரில் நெல்லில் புகையானுக்கும், பருத்தியில் தத்துப்பூச்சி, அசுவினிக்கும் அடிப்பார்கள், விதைநேர்த்திக்கும் பயன்படுத்துவார்கள்.

85 என்றால் டாப்னியாவுக்குப் பெரிய தீங்கில்லை. வகை 3இல் மட்டுமே வரும். வானவில் டிரவுட் மீனுக்கு 96 மணி நேர எல்சி50 இன்னும் மேலே, லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும். ஓடையில் கலந்தாலும் பரவாயில்லை என்றுதானே இந்த எண்களைப் பார்த்தால் தோன்றும்?

ஆனால் நன்னீரில் டாப்னியா மட்டும் இல்லை. பூச்சிகளின் இளம்பருவங்கள் அங்கேதான் வளர்கின்றன. மேஃப்ளை என்ற பூச்சி தண்ணீருக்குள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் புழுவாக இருந்துவிட்டு, இறகு முளைத்தபின் மணிக்கணக்கிலோ ஓரிரு நாளோதான் வாழும். நெதர்லாந்தின் வாகனிங்கனில் செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஒரு மேஃப்ளை இனத்துக்கு இமிடாகுளோப்ரிட்டின் 96 மணி நேர இசி50 லிட்டருக்கு சுமார் 1 மைக்ரோகிராம். அதாவது 0.001 மில்லிகிராம். 28 நாள் விட்டபோது, பத்தில் ஒன்றைப் பாதிக்கும் அளவு சுமார் 0.03 மைக்ரோகிராமுக்கு இறங்கியது.

இப்போது டாப்னியாவின் எண்ணையே அடிப்படையாக வைத்து 1,000ஆல் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 85 மைக்ரோகிராம் “பாதுகாப்பு” என்று வரும். மேஃப்ளைப் புழுக்களில் பாதியைச் செயலிழக்க வைக்கும் அளவு அதில் எண்பதில் ஒரு பங்குதான். ஆயிரம் மடங்கு இடைவெளி விட்டும் போதவில்லை.

காரணம் வேதியியலில் இருக்கிறது. இந்த மருந்து பூச்சியின் நரம்பில் செய்தியை வாங்கும் நிகோடினிக் ஏற்பிகளைப் பிடித்துக்கொள்ளும். பூச்சிகளின் ஏற்பியில் அது இறுக்கமாக உட்காரும். டாப்னியா பூச்சி இல்லை. அதனிடம் அவ்வளவு பிடிப்பு இல்லை. ஆக, டாப்னியா சோதனை பொய் சொல்லவில்லை. டாப்னியாவைப் பற்றிக் கேட்டார்கள், அதைப் பற்றி உண்மையைச் சொன்னது. அந்த விடையைத் தண்ணீரில் வாழும் எல்லா முதுகெலும்பற்றவைக்கும் பொதுவாக்கியதில்தான் கோளாறு.

இதற்கு ஒழுங்குமுறைகள் மெதுவாக வழிசெய்தன. ஓஇசிடி 2011இல் வழிகாட்டி எண் 235ஐக் கொண்டுவந்தது. கைரோனமஸ் என்ற கடிக்காத கொசுவின் முதல் பருவப் புழுக்களில் செய்யும் 48 மணி நேரச் சோதனை அது. (வண்ணமீன்களுக்குப் போடும் சிவப்பு ரத்தப்புழு இந்த வகையறாதான்.) ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு விதிகள், பூச்சிகளைக் கொல்லும் தன்மை கொண்ட பொருளுக்கு டாப்னியாவோடு இன்னொரு நீர்வாழ் கணுக்காலியையும் சோதிக்கச் சொல்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இமிடாகுளோப்ரிட்டுக்கு நன்னீர் முதுகெலும்பற்றவைக்கான அளவுகோலாகக் குறுகிய காலத்துக்கு 0.385, நீண்ட காலத்துக்கு 0.01 மைக்ரோகிராம் என்று வைத்தது. 85 மில்லிகிராமில் தொடங்கிய பயணம் இங்கே வந்து நின்றது.

நேர் எதிரான உதாரணமும் உண்டு. கொசுவலையில் ஏற்றப்படும் டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளுக்கு டாப்னியா பலமாக எச்சரிக்கை தருகிறது. அவற்றின் இசி50 லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே போகும். மருந்து ஏற்றிய வலையை ஆற்றிலோ குளத்திலோ அலசக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

## இரண்டு நாளில் தெரியாதவை

சில பொருள்கள் யாரையும் கவிழ்க்காமலே கூட்டத்தைக் கெடுக்கும். கொசுப்புழு ஒழிப்பில் பயன்படும் பைரிப்ராக்சிஃபென், பூச்சிகளின் இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்து. தாய் டாப்னியா அதை மிகக் குறைந்த அளவில் சந்தித்தாலும், பெண் குட்டிகள் பிறக்க வேண்டிய இடத்தில் ஆண் குட்டிகள் பிறக்கும். குட்டிகளின் எண்ணிக்கையும் குறையும். நீந்துகிறதா என்று மட்டும் பார்க்கும் 48 மணி நேரச் சோதனைக்கு இது தெரியவே தெரியாது. 21 நாள் இனப்பெருக்கச் சோதனையில்தான், அதாவது ஓஇசிடி 211இல்தான், தெரியும்.

டயர்களிலிருந்து வரும் 6பிபிடி-குயினோன் இன்னொரு வகை. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் பகுதி ஓடைகளில் மழைக்குப் பிறகு கோஹோ சால்மன் மீன்கள் செத்ததற்கு இதுவே காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அளவிலேயே கோஹோவைக் கொல்லும் இந்தப் பொருளைக் கரையும் எல்லை வரை கொடுத்தும் டாப்னியா மேக்னாவுக்குக் குறுகிய காலச் சோதனையில் ஒன்றும் ஆகவில்லை. வரிக்குதிரை மீனும் தாங்கிக்கொண்டது.

## நம் தண்ணீருக்கு இது எவ்வளவு பொருந்தும்?

டாப்னியா மேக்னா குளிர்நாட்டுக் குளங்களுக்குப் பழகிய இனம். சோதனை 20 டிகிரியில் நடக்கிறது. சித்திரை மாதத்து ஏரித் தண்ணீர் 30 டிகிரிக்குப் போகும் ஊரில் மொய்னா, செரியோடாப்னியா, டாப்னியா கேரினேட்டா போன்ற உறவினங்கள்தான் சகஜம். வெப்பம் கூடினால் ஆக்சிஜன் குறையும், உயிரியின் மூச்சும் வேகமாகும். எல்லாப் பொருளும் வெயிலில் அதிக நஞ்சாகும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சில வேகமாகச் சிதைந்தும் போகும். 20 டிகிரி எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓஇசிடி வழிகாட்டியே வேறு டாப்னியா இனங்களைப் பயன்படுத்த இடம் தருகிறது.

தொழிற்சாலைக் கழிவுநீரில் இந்தியா பிடித்துக்கொண்டது மீனை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரத்தில், கலப்பில்லாத முழுக் கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அமெரிக்காவில் கழிவுநீரை மீனோடு செரியோடாப்னியா டூபியாவிலும் சோதிக்கிறார்கள். மீன் மட்டும் போதாது என்பது என் கருத்து. மீனை விட்டுவிட்டு மீனின் இரையைக் கொல்லும் கழிவுநீர் இந்த விதியில் தேறிவிடும். மீன் பிழைத்து, பட்டினி கிடக்கும்.

## அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவை

1. அலகு என்ன? மில்லிகிராமா, மைக்ரோகிராமா? ஆயிரம் மடங்குத் தவறு இங்கேதான் நடக்கும்.

2. “100க்கு மேல்” என்று இருந்தால், அதுவரை சோதித்தும் பாதிக் குட்டிகள் விழவில்லை என்று பொருள். “கரைதிறனுக்கு மேல்” என்று இருந்தால் நீண்ட காலச் சோதனை செய்தார்களா என்று தேடுங்கள்.

3. எத்தனை மணி நேரம்? 24 மணி நேர எண் 48 மணி நேர எண்ணைவிடப் பொதுவாகப் பெரிதாக, அதாவது சாதுவாக, தெரியும்.

4. போட்ட அளவா, அளந்த அளவா?

5. பூச்சிக்கொல்லி என்றால், பூச்சி இனம் ஒன்றில் செய்த சோதனை இருக்கிறதா? டாப்னியா மட்டும் இருந்தால் தரவு பாதிதான்.

6. சோதித்தது தூய வேதிப்பொருளையா, கடையில் விற்கும் கலவையையா? கலவையில் கரைப்பானும் நுரைப்பானும் சேர்ந்திருக்கும். அவற்றுக்கென்று தனி நஞ்சு இருக்கலாம். ஒரே மருந்தின் இரண்டு தாள்களில் இரண்டு எண் இருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.